வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்... நம்மில் பலர் அறியாத வாகனச் சட்டங்கள்

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது ஒரு நிமிடம் நின்று தெருவைப் பாருங்கள். மீசை முளைக்காத பையன் ஒருவன் ஸ்கூட்டரை எடுக்கிறான். பின்னால் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். மூவர் தலையிலும் தொப்பி இருக்கிறது, ஹெல்மெட் இல்லை. வண்டி யாருடையது என்று விசாரித்தால், "வாப்பா சவூதியில் இருக்கிறார், வண்டி அவர் பேரில் இருக்கிறது, கடைக்குப் போய்வர வீட்டில் வேறு ஆள் இல்லை" என்று பதில் வரும்.

நம் ஊர்களில் இது அன்றாடக் காட்சி. ஆனால் இந்த ஒரே காட்சியில் குறைந்தது ஐந்து சட்டப் பிரிவுகள் மீறப்படுகின்றன. அவற்றில் ஒன்று, வண்டியை ஓட்டிய பையனை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வாப்பாவைப் பிடிக்கிறது.

நம் நாட்டில் சாலைகளை ஆள்வது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019இல் இதில் பெரிய திருத்தம் செய்யப்பட்டது. அந்தத் திருத்தத்தின் பெரும்பாலான தண்டனைப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்களை 2022 அக்டோபர் முதல் வசூலிக்கத் தொடங்கினார்கள். அபராதத் தொகை உயர்ந்தது எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்குள் இருக்கும் வேறு பல விஷயங்கள் நம்மில் பலருக்குத் தெரியாது. சில விசித்திரமானவை, சில நமக்குச் சாதகமானவை, சில ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக் கூடியவை. அவற்றில் முக்கியமானவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. ஓட்டுவது மகன், குற்றவாளி வாப்பா

பொதுவாக ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு இதற்கு விலக்கு. 18 வயது நிறையாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ வாகனத்தின் உரிமையாளரோதான் குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பெற்றோரின் சம்மதத்தோடுதான் பிள்ளை வண்டியை எடுத்தான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்", "எடுக்கவிடாமல் தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன்" என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. சாவியை வாசல் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, தடுக்க முயற்சி செய்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது உம்மாவோ மாமாவோ. சட்டம் "பாதுகாவலர் அல்லது உரிமையாளர்" என்று சொல்வதால் இரு தரப்புக்கும் சிக்கல் வரலாம்.

"16 வயதில் உரிமம் உண்டே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு மட்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேல். ஆகவே அந்தச் சலுகை நம் வீட்டு வண்டிக்குப் பொருந்தாது.

அபராதத்தை விடப் பெரிய இழப்பு இழப்பீட்டில் வரும். உரிமம் இல்லாத பையன் ஓட்டி யாராவது இறந்துவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன. தொகை பல லட்சங்களாக இருக்கும். வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலைகூட வரலாம்.

2. மின்சார வண்டி என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

"பேட்டரி வண்டிதானே, பிள்ளை ஓட்டலாம்" என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. இது பாதி உண்மை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் சிறிய வண்டிகளைத்தான் விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதற்கு மேல் திறனோ வேகமோ உள்ள மின்சார ஸ்கூட்டருக்குப் பதிவு, இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். நம்பர் பிளேட் மாட்டிய பேட்டரி வண்டியை 15 வயதுப் பையனிடம் கொடுத்தால், மேலே சொன்ன 199-ஏ பிரிவு அப்படியே பொருந்தும்.

3. தொப்பியும் ஹெல்மெட்டும்

ஹெல்மெட் சட்டம் தெரியாதவர் இல்லை. ஆனால் அதில் மூன்று செய்திகள் பலருக்குத் தெரியாது.

முதலாவது, 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அணிய வேண்டும். பின்னால் அமரும் பெண்களும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இதில் அடக்கம். இரண்டாவது, தலையில் கவிழ்த்தால் போதாது. தாடைப் பட்டையை இறுக்கிப் பூட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மூன்றாவது, மத அடிப்படையில் விலக்கு தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும்தான். தொப்பி, ஹிஜாப், புர்கா எதற்கும் விலக்கு இல்லை. மெல்லிய தொப்பிக்கு மேலும், ஹிஜாபுக்கு மேலும் ஹெல்மெட்டை வசதியாக அணிய முடியும்.

மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அத்துடன் 3 மாதங்களுக்கு உரிமத்தை இழக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டிரைவர் வேலை பார்ப்பவருக்கு அந்த 3 மாதம் என்பது 3 மாதச் சம்பளம்.

4. கைக்குழந்தைக்கும் ஒரு விதி

9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்றால், ஓட்டுபவரோடு குழந்தையை இணைக்கும் பாதுகாப்புப் பட்டை அணிவிக்க வேண்டும். குழந்தையின் தலைக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது.

இருசக்கர வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று 128ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளுக்கென்று அதில் தனி விலக்கு எழுதப்படவில்லை. கணவன், மனைவி, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று பெருநாளைக்கு நாம் போகும் பயணம் சட்டப்படி தவறு. ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்கார வைக்கவோ, எதையும் வைக்கவோ கூடாது என்பது 125ஆம் பிரிவு. டாங்கின் மேல் குழந்தையை உட்கார வைப்பதும், கார் ஓட்டும்போது மடியில் வைத்துக்கொள்வதும் இதில் வரும்.

காரில் 14 வயது நிறையாத பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால், ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம்.

5. "சும்மா ஒரு ரவுண்டு" எடுத்தாலும் குற்றம்

கூட்டாளியின் பைக்கைக் கேட்காமல் எடுத்துச் சென்றால் அது வெறும் விளையாட்டு அல்ல. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 197ஆம் பிரிவு.

ஆனால் இதே பிரிவில் சுவையான ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. "கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார்" என்று நியாயமாக நம்பித்தான் எடுத்தேன் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் தண்டனை இல்லை. நட்புக்கும் சட்டம் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்ப்பதைவிட, ஒரு போன் செய்து கேட்டுவிடுவது எளிது.

அடுத்தவரின் நிறுத்தி வைத்த வண்டியில் தக்க காரணமின்றி ஏறுவதும், அதை நகர்த்துவதும், பிரேக் போன்ற பாகங்களில் கைவைப்பதும்கூட 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம். திருமண மண்டப வாசலில் அடுத்தவர் பைக்கில் ஏறி விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

6. எஞ்சினை ஓடவிட்டுக் கடைக்குள் போகலாமா?

"ஒரு நிமிடம்தான்" என்று காரை ஸ்டார்ட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைகிறோம். பொது இடத்தில் வண்டி நின்றால், ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். இது 126ஆம் பிரிவு. அற்பமான விதி போலத் தெரியும். காருக்குள் விடப்பட்ட குழந்தை கியரை இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதன் அருமை புரியும்.

7. விற்ற வண்டி திரும்பி வரும்

பழைய பைக்கைத் தரகரிடம் விற்கிறோம். படிவங்கள் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பணம் கைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். வாங்கியவர் பெயர் மாற்றினாரா என்று பார்ப்பதே இல்லை.

2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு வாகனத்தை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். அது அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியது. ஆனால் ஆர்.சி.யில் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்தது. பிறகு விபத்து நடந்தது. யார் இழப்பீடு தர வேண்டும் என்ற கேள்விக்கு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கைமாற்றத்தையும் தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம்.

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை மாற்றிக்கொள்ள வாங்கியவருக்கு 14 நாள் அவகாசம். நாள் நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் இணையதளத்தில் சரிபாருங்கள்.

8. உரிமையாளர் மவுத்தாகிவிட்டால்

சொத்துப் பங்கீடு பற்றிப் பேசும் நாம் மர்ஹூமின் வண்டியை மறந்துவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் அவர் பெயரிலேயே மகன் ஓட்டிக்கொண்டிருப்பான். விதிகளின்படி, வண்டியை வைத்துக்கொள்ளும் வாரிசு 30 நாட்களுக்குள் மரணச் செய்தியைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் 3 மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸிலும் பெயரை மாற்றுங்கள். பெயர் மாறாத பாலிசியில், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்டுப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

9. வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியான உரிமம்

முன்பெல்லாம் உரிமம் காலாவதியான பிறகும் 30 நாட்கள் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது. 2019 திருத்தம் அதை நீக்கிவிட்டது. இப்போது காலாவதியான மறுநாளே நீங்கள் உரிமம் இல்லாதவர். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. காலாவதியாவதற்கு ஓராண்டுக்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளலாம். காலாவதியாகி ஓராண்டு ஆகும்வரையும் புதுப்பிக்கலாம். ஓராண்டைத் தாண்டினால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, உரிமம் அடுத்த ஆண்டு முடிகிறது என்றால் இப்போதே புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.

10. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கலாமா?

"போலீஸ் கேஸ் ஆகிவிடும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள்" என்ற பயத்தில் சாலையில் கிடப்பவரைக் கடந்து போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயம் காலாவதியாகிவிட்டது.

2016இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு, எதையும் எதிர்பாராமல் உதவியவர் மீது, அந்த உதவியின்போது நேர்ந்த தவறுக்காகச் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி, போன் நம்பர் தரும்படி போலீஸார் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மதம், சாதி, நாடு, பாலினம் எதையும் பார்க்காமல் அவரை மரியாதையாக நடத்த வேண்டும் என்றும் விதியில் எழுதப்பட்டுள்ளது. சாட்சி சொல்வது அவருடைய விருப்பம்.

படுகாயமடைந்தவரை விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவருக்கு மத்திய அரசு பரிசும் தருகிறது. 2021இல் 5,000 ரூபாயாக இருந்த அது 2025இல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பரிசுக்காக யாரும் தூக்கப் போவதில்லை. ஆனால் தூக்கத் தயங்கும் கைகளுக்கு, அரசு உங்கள் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தை அது தரும்.

11. விபத்தை ஏற்படுத்தியவரின் கடமை

விபத்தை ஏற்படுத்திய ஓட்டுநர், அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம்.

இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய விசித்திரம் ஒன்று வருகிறது. கூடியிருக்கும் கும்பலின் கோபத்தால் அங்கே நின்று உதவ முடியாத நிலை ஏற்பட்டால் அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று 134ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஓட்டுநரை இழுத்துப் போட்டு அடிக்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஊறியிருந்தால், சட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள்! அடிக்கும் கும்பலால் ஓட்டுநர் ஓடிவிடுகிறார். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டிய வண்டியும் போய்விடுகிறது. அடுத்த முறை கூட்டம் கூடும்போது, கையை ஓங்குபவரைத் தடுப்பதும் ஓர் உயிர் காக்கும் உதவிதான்.

12. இடித்துவிட்டு ஓடிய வண்டி

இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை. யார் மீது வழக்குப் போடுவது? பல குடும்பங்கள் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன. அப்படி அடையாளம் தெரியாத வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின் கீழ் கிடைக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை நடைமுறையில் உள்ளது. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தை மக்கள் பெரிதும் அறியவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2024இல் கவலை தெரிவித்தது.

வண்டி அடையாளம் தெரிந்த விபத்துகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 6 மாதம் என்ற வரம்பு திருத்தத்தில் கொண்டுவரப்பட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. எப்படியிருந்தாலும் "நாற்பது கழியட்டும், பெருநாள் கழியட்டும்" என்று தள்ளிப் போடாமல், எஃப்.ஐ.ஆர். நகலோடு உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

13. ஆம்புலன்ஸும் ஹாரனும்

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலும், ஹாரன் தடைப் பகுதியில் அடித்தாலும் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய். சைலன்சரைத் தவிர்த்துப் புகையை வெளியேற்றி, வெடிப்பது போல் சத்தம் எழுப்பும் பைக்குகளுக்கும் இதே அபராதம்தான். பெருநாள் இரவில் ரேஸ் விடும் இளைஞர்களுக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம். மீண்டும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை.

14. சட்டம் அவர்களுக்கும் உண்டு

சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதை மீறினால் தண்டனை இரு மடங்கு என்கிறது 210-பி பிரிவு. ஹெல்மெட் இல்லாமல் போகும் போக்குவரத்துக் காவலருக்கு நம்மைவிட இரண்டு மடங்கு அபராதம். சாலையைத் தரக்குறைவாக வடிவமைத்து, அல்லது சரியாகப் பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198-ஏ பிரிவு இடம் தருகிறது. உங்கள் தெருவில் மூடாத பள்ளத்தைப் பற்றிப் புகார் எழுதும்போது இந்தப் பிரிவையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டில் உள்ள எல்லா வண்டிகளின் ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். பெயர் உயிரோடு இருப்பவருடையதா? விற்ற வண்டி ஏதாவது இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா? இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது? வாங்கும்போது 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிய பைக் என்றால், அது முடிந்ததே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். உரிமங்கள் எப்போது காலாவதியாகின்றன? இவற்றை டிஜிலாக்கரில் சேர்த்துவிட்டால், சோதனையின்போது போனிலேயே காட்டலாம்.

கடைசியாக, சாவியை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். கடைக்குப் போய்வர ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுத்து அனுப்பலாம். இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் முறையாக உரிமம் எடுத்துக் கொடுக்கலாம். "எல்லா வீட்டுப் பையன்களும்தான் ஓட்டுகிறார்கள்" என்று அவன் கோபித்துக்கொள்வான், ஒரு வாரம் பேசாமல் இருப்பான். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ள நம்மால் முடியும். அவனுக்கோ, அவன் வண்டியில் அடிபடும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கோ ஏதாவது நேர்ந்தால் அதைத் தாங்கிக்கொள்ள எந்த வாப்பாவாலும் உம்மாவாலும் முடியாது.